‘கிராஸ் கிளினிக்’ ஓவியம் குறித்து ஃபிலடெல்ஃபியாவின் இரு கலைக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியின் பொறுப்பாளர்களுக்கும் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் 1875-இல் வரைந்த ‘கிராஸ் கிளினிக்’ இன்று உங்கள் இரு நிறுவனங்களுக்கும் பொதுவான உடைமை. 2006-இல் அது 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு விலைபேசப்பட்டு ஊரைவிட்டுப் போகவிருந்தபோது, நீங்கள் பணம் திரட்டியும் கடன் வாங்கியும் தடுத்தீர்கள். அந்தக் கடனைத் தீர்க்க ஏக்கின்ஸின் வேறு ஓவியங்களை விற்கவும் நேர்ந்தது. அந்த விலை ஊரறிந்தது. அந்த ஓவியத்துக்கு நேர்ந்த புறக்கணிப்பையும் அதன் அருகிலேயே தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

எட்டடி உயரமுள்ள அந்த ஓவியத்தில் எழுபது வயது அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸ், குருதி படிந்த விரல்களில் சிறுகத்தியைப் பிடித்தபடி, மாணவர்களுக்கு விளக்கம் சொல்லத் திரும்பி நிற்கிறார். தொடை எலும்பு அழுகினால் காலையே வெட்டியெடுத்த வழக்கத்துக்கு மாறாக, கெட்டுப்போன எலும்பை மட்டும் அகற்றிக் காலைக் காக்கும் அறுவை அது. நோயாளியின் தாய் என்று பொதுவாகக் கருதப்படும் பெண், பார்க்கப் பொறாமல் கைகளால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மருத்துவக் கல்லூரியிலேயே உடற்கூறு பயின்றவரான ஏக்கின்ஸ், அறுவையாளரின் நெற்றியில் விழும் அதே ஒளியை வெட்டுக்காயத்தின் மீதும் விழவிட்டார்.

1876-இல் உங்கள் நகரில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் தேர்வாளர்கள் அந்தப் பெண்ணைப் போலவே முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கலைக்கூடத்தில் இடம் மறுக்கப்பட்ட ஓவியம், இராணுவ மருத்துவமனையின் மாதிரியாக அமைக்கப்பட்ட கூடத்தில் தொங்கியது. 1878-இல் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிக்காக அதை வாங்கக் கொடுத்த தொகை 200 டாலர்.

அகாதெமியினரிடம் தனியே ஒரு சொல். 1886-இல், பெண்கள் பயின்ற வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை அகற்றியதன் பேரில், அங்கு ஆசிரியராக இருந்த ஏக்கின்ஸைப் பதவி விலகச் செய்தது உங்கள் நிறுவனம். அவருடைய மற்றோர் அறுவை ஓவியமான ‘அக்னியூ கிளினிக்’கை 1891-இல் காட்சிக்கு வைக்க மறுத்ததும் நீங்களே. ஆசிரியராக அவர் நடந்துகொண்ட விதம் குறித்து எழுந்த குறைகள் எல்லாமே பொய் என்று வாதிட நான் வரவில்லை. அது வேறு, ஓவியத்தை மறைத்தது வேறு.

ஆகவே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடமிருந்து 1889-இல் வரையப்பட்ட அந்த ‘அக்னியூ கிளினிக்’கை இரவல் பெற்று, இரண்டையும் அடுத்தடுத்துத் தொங்கவிடுங்கள். ‘கிராஸ் கிளினிக்’கில் மருத்துவர்கள் அன்றாடக் கறுப்புக் கோட்டோடு அறுக்கிறார்கள். ‘அக்னியூ கிளினிக்’கில் வெள்ளுடையில் நிற்கிறார்கள், உடன் ஒரு செவிலியும் இருக்கிறார். கிருமி பற்றிய அறிவு அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அறுவை அரங்குக்குள் நுழைந்ததைக் குழந்தைகூடக் கண்டுகொள்ளும்.

பழைய துப்புரவுகளில் ‘கிராஸ் கிளினிக்’கில் தேய்ந்துபோன இருண்ட வண்ணங்களை, ஏக்கின்ஸ் தாமே மையில் தீட்டிய பிரதியின் துணைகொண்டு 2010-இல் மீட்டவர்கள் நீங்கள். அதே அக்கறையோடு 1876, 1886, 1891 ஆகிய மூன்று ஆண்டுகளையும், மறுத்தவர்கள், விலக்கியவர்கள் யார் என்பதோடு சேர்த்து, விளக்கப் பலகையில் பொறிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓவிய ரசிகன் ஒருவன்