தலைகீழா போனா இறக்கை ஒடிஞ்சிடாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜெட் விமானம் ரோல் அடிக்கிறத (பறந்துக்கிட்டே பக்கவாட்டுல ஒரு முழு சுத்து சுத்தறத) பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோஷம், இந்த மாதிரி விஷயம் தமிழ்ல வர்றதே அபூர்வம். ஆனா படத்த திருப்பி போட்டுட்டீங்களே. அது போயிங் டேஷ் 80 (போயிங் 707க்கு முன்மாதிரியா செஞ்ச ஜெட்) மல்லாந்து பறந்தப்ப உள்ள இருந்த பெல் வைட்ஹெட்ங்கற இன்ஜினியர் ஜன்னல் வழியா எடுத்த போட்டோ, தரை கீழ இருக்கணும், இன்ஜின் இறக்கைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கணும், அதுதான் அந்த படத்தோட விசேஷமே. உங்க லே-அவுட் பண்றவர் இன்ஜின் மேல இருக்கறத பாத்து ஏதோ தப்புன்னு நேராக்கிட்டார் போல, இப்ப விமானம் ஒழுங்கா போகுது, ஊருதான் மேல தொங்குது, கீழ "தலைகீழாகப் பறக்கும் விமானம்"னு கேப்ஷன்.

சரி படம் போகட்டும். "பயணிகள் விமானம் தலைகீழானா இறக்கை தாங்காது, டெக்ஸ் ஜான்ஸ்டன் அதிர்ஷ்டத்துல தப்பிச்சார்"னு கட்டுரைல ஒரு வரி வருது (ஜான்ஸ்டன்தான் அன்னிக்கு டேஷ் 80ய ஓட்டின போயிங் டெஸ்ட் பைலட்), அதுக்குத்தான் இந்த லெட்டர். மேல எது கீழ எதுன்னு இறக்கைக்கு தெரியாது சார், எவ்ளோ லோடு வருதுங்கறது மட்டும்தான் அதுக்கு கணக்கு. பயணிகள் விமானம் சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னா 2.5 ஜி (1 ஜின்னா நேரா பறக்கறப்ப இருக்கற சாதாரண எடை, 2.5 ஜின்னா அதுல ரெண்டரை மடங்கு) தாங்கணும், அதுல இன்னும் ஒன்றரை மடங்கு ஏத்தினாலும் உடையக் கூடாது, எதிர் பக்கமா வந்தா 1 ஜி. ஜான்ஸ்டன் அடிச்சது பேரல் ரோல், மூக்க நல்லா மேல தூக்கிட்டு, கன்ட்ரோல லேசா இழுத்து பிடிச்சபடியே ஒரு பெரிய வட்டம் மாதிரி சுத்தி வர்றது, நடுவுல மல்லாந்து கிடக்கும்போதும் நம்மள சீட்டோட அழுத்தற விசை இருந்துகிட்டே இருக்கும், பதமா செஞ்சா கிட்டத்தட்ட நேரா பறக்கறப்ப இருக்கற அதே 1 ஜி தான். பாப் ஹூவர்னு ஒரு அமெரிக்க பைலட் ரோல் அடிச்சிக்கிட்டே ஒரு கைல ஜாடிய பிடிச்சு டம்ளர்ல ஐஸ் டீ ஊத்துவார், வீடியோ இருக்கு, சொட்டு கூட வெளிய போகாது (நம்ம டீக்கடை மாஸ்டர் நேரா நின்னு ஆத்தும்போதே கொஞ்சம் சிந்தும்). ஆனா நேர்கோட்டுல போயிக்கிட்டே மெதுவா சுத்தற ஸ்லோ ரோல்னா கதை வேற, அங்க மைனஸ் ஜி, அதாவது நம்மள சீட்லேர்ந்து தூக்கற விசை வந்துடும், டேங்க்ல எரிபொருள் ஆயில் எல்லாம் மேல போயிடும், பெரிய விமானத்துக்கு அது ஆகாது.

அப்போ யார் வேணாலும் அடிக்கலாமான்னா அதுவும் இல்ல. ஆபத்து எங்கன்னா பாதி வழில. சண்டை விமானம் ரெண்டு செகண்ட்ல சுத்தி முடிச்சிடும், 2024 அக்டோபர்ல மெரினா ஏர் ஷோக்கு போன எல்லாரும் பாத்திருப்பீங்க. பெரிய ஜெட் அவ்ளோ சீக்கிரம் சுத்தாது, மல்லாந்து கிடக்கற நேரம் அதிகம், அந்த நேரத்துல மூக்கு தொங்கிடுச்சுன்னா வேகம் சரசரன்னு ஏறும், பயந்து கன்ட்ரோல இழுத்தா அந்த 2.5 ஜி எல்லைய தாண்டி எங்கயோ போயிடும். 1985 பிப்ரவரி 19ல தைப்பேலேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன சைனா ஏர்லைன்ஸ் 747ல இதுதான் நடந்துச்சு, 41,000 அடில ஒரு இன்ஜின் போச்சு, ஆட்டோபைலட் முடிஞ்ச வரைக்கும் சமாளிச்சு பாத்துச்சு, கடைசில விமானமே கவுந்து சுமார் 30,000 அடி கீழ விழுந்து மேகத்த விட்டு வெளிய வந்தப்புறம்தான் கேப்டனுக்கு கண்ட்ரோல் கிடைச்சிது. 5 ஜி வரைக்கும் போயிருக்கு. வால்ல பீஸ் பீஸா பிச்சிக்கிட்டு போச்சு, இறக்கை ரெண்டு மூணு இன்ச் மேல வளைஞ்சு அப்படியே நின்னுடுச்சு, ஆனா ஒடியல, சான் பிரான்சிஸ்கோல இறங்கிட்டாங்க, ஒரு உயிர் கூட போகல.

ஜான்ஸ்டன் விஷயத்துல எனக்கு வேற ஒரு வருத்தம். 1955 ஆகஸ்ட்ல சியாட்டில் ஏரிக்கு மேல ஏர்லைன்ஸ் பெரிய ஆளுங்க எல்லாம் பாத்துக்கிட்டிருக்க ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ அடிச்சார், போயிங் கம்பெனி தலைவர் பில் ஆலன் கூப்பிட்டு என்னய்யா பண்றன்னு கேட்டதுக்கு விமானம் விக்கிறேன்னு சொன்னார், எல்லாரும் இந்த இடத்துல கை தட்டிட்டு கிளம்பிடறாங்க. கம்பெனி 1.6 கோடி டாலர் சொந்த காச போட்டு பண்ணின ஒரே ஒரு விமானம் சார் அது! சரி வித்துச்சான்னு பாத்தா, அதே வருஷம் அக்டோபர்ல பான் ஆம்ங்கற அமெரிக்க ஏர்லைன்ஸ் குடுத்த ஆர்டர்ல போயிங் 707 20, டக்ளஸ் கம்பெனியோட டிசி-8 25. அந்த டிசி-8 அப்ப வெறும் பேப்பர்ல இருந்த விமானம், முதல் தடவ பறந்ததே 1958ல. கரணம் அடிச்சு காட்டாதவங்களுக்கு 5 கூட! 707 அப்புறம் நல்லா ஓடுச்சு, அது வேற கதை.

எங்க பல்லாவரத்துல மொட்டை மாடில நின்னா ஏர்பஸ் ஏ320 விமானம் தலைக்கு மேலயே இறங்கும், பசங்க இது பல்டி அடிக்குமான்னு கேப்பாங்க. அடிக்காது, சாதாரணமா இருக்கற நிலமைல அதோட கம்ப்யூட்டர் 67 டிகிரிக்கு மேல சாய விடாது, பைலட் என்ன அழுத்தினாலும் சரி.

திருத்தம் போடறதா இருந்தா படத்துக்கு போடாட்டி கூட பரவால்ல, அந்த இறக்கை வரிக்கு கண்டிப்பா போடுங்க. எங்க தெருவுல எட்டாவது படிக்கற பொண்ணு அந்த கட்டுரைய வெட்டி ப்ராஜெக்ட் நோட்டுல ஒட்டிட்டா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லாவரம், சென்னை - 43