முத்துவைக் கொஞ்ச நாள் கையில் எடுக்காதே, மகன்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கதைத்துவிட்டு வைத்த பிறகு நான் நெடுநேரம் யன்னலோரக் கதிரையிலேயே இருந்தேன். கடற்கரை ரயில் இரண்டு தடவை போய்விட்டது. சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று தலையாட்டிவிட்டு நீ வேறு கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முத்துவைப் பற்றித்தான். நீ பாம்பு வாங்கப்போவதாக முதலில் சொன்னபோது நான் மறுப்புச் சொல்லவில்லை, நினைவிருக்கிறதா? "பால் பைதன்" என்று நீ சொன்னதைக் கேட்டு, பால் குடிக்கிற பாம்பு போலிருக்கிறது என்று அப்பா நினைத்துவிட்டார். நாகதம்பிரான் கோவிலில் பால் வைத்துக் கும்பிட்டு வளர்ந்த மனிதர். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர் என்று நீ விளக்கினாய். அந்தச் சொல்லை அன்றே என் மனதில் குறித்து வைத்தேன். கடிக்காமல், ஓடாமல், சுருண்டு ஒளிந்து தன் பயத்தைச் சொல்கிற பிராணி. அப்படிப்பட்ட உயிர் நோகிறது என்று வாய்விட்டுச் சொல்லாது. பார்க்கிறவர்தான் பார்த்து அறிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன் கூட்டாளிகள் ஐந்து பேர் முத்துவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையைத் தடவினார், அது கழுத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கடைசியில் உன் கைக்கு வந்ததும் உன் அக்குளுக்குள் தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் கிடந்தது. "பார்த்தீர்களா அம்மா, என்னிடம்தான் பாசம்" என்றாய். மகன், அது பாசத்தில் ஒட்டவில்லை. ஒளிய இடம் தேடியது. இருட்டாக, இறுக்கமாக அங்கே கிடைத்த ஒரே பொந்து உன் அக்குள்.

வாங்கி வந்த இரவே அதைக் கையில் எடுத்தாய். அன்றிலிருந்து ஒரு மாதமாக ஒவ்வொரு நாளும், சில நாள் ஒரு மணித்தியாலம். மூன்று தடவை எலி வைத்தும் தொடவில்லை என்று நீயே சொன்னாய். போன கிழமை அனுப்பிய படத்தில் அதன் கண் இரண்டும் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தன. இத்தனையும் ஒன்றாகச் சேரும்போது எனக்குப் பழைய வேலை நினைவு வந்தது.

31 வருடம் குறைமாதக் குழந்தைகளோடு இருந்தவள் நான். 28 கிழமையில் பிறந்த பிள்ளை இன்கியூபேட்டருக்குள் கிடக்கும். என் உள்ளங்கை அளவு முதுகு. பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுவார்கள். கதவு திறந்த உடனே விரல் நுனியால் கன்னத்தைத் தடவுவார்கள். தடவினால் பிள்ளையின் நிறம் மாறும், இருதயத் துடிப்பு இறங்கும், இயந்திரம் கத்தத் தொடங்கும். ஓர் இளம் தாய் என்னிடம், "நான் பெற்ற பிள்ளையை நான் தொடக்கூடாதா, மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. தொடலாம் பிள்ளை, நேரம் பார்த்துத் தொட வேண்டும், தடவாமல் தொட வேண்டும் என்றேன். அவளுடைய ஒரு கையைப் பிள்ளையின் தலையிலும் மற்றக் கையைக் காலடியிலும் அசைக்காமல் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். மெல்லிய தடவலைவிட அசையாத கை அந்த உயிருக்கு ஆறுதல். உடுப்பு மாற்றுவது, சூடு பார்ப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் பிள்ளையைத் தூங்க விடுவோம். அதுதான் எங்கள் வேலையின் பாதி.

பாம்பு குழந்தை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தொடுகையைத் தாங்குகிற அளவு ஒவ்வோர் உயிருக்கும் ஒன்று இருக்கிறது. முத்துவின் அளவு என்ன என்று இந்தக் கிழமை முழுவதும் தேடி வாசித்தேன். நமக்குத் தெரிந்த மிருக வைத்தியரிடமும் கேட்டேன்.

இந்த இனம் மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் வாழ்வது. கானா, டோகோ, பெனின் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. பகல் முழுவதும் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் படுத்திருந்து இரவில்தான் வெளியே வரும். மண்ணோடு உடல் எல்லாப் பக்கமும் ஒட்டியிருந்தால்தான் அதற்கு நிம்மதி. பெனினில் உய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோவிலே இருக்கிறதாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல் பக்குவமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்களாம். வாசித்தபோது எனக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில்தான் கண்ணில் வந்தது. புற்றுக்குள் படுத்திருக்க வேண்டிய உயிரை வெளிச்சமான ஹோலில் ஐந்து பேர் கைமாற்றினால் அது என்ன செய்யும்?

உன் வீட்டுச் சூட்டையும் யோசி. அதன் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை வரை, மறுபக்கம் 24 முதல் 27 வரை என்று நீயே வைத்திருக்கிறாய். வெளியே எடுத்தால் ரொறன்ரோவில் இந்த மாதம் உன் ஹோல் 20, 21 பாகைதான், ஹீட்டர் காற்று வேறு காய்ந்துபோயிருக்கும். தன் உடலில் தானே சூடு உண்டாக்க முடியாத பிராணி அது. ஒரு மணித்தியாலம் வெளியே இருந்தால் குளிர்ந்துவிடும். சாப்பிட்ட பிறகு என்றால் செமிபாடும் மந்தமாகிவிடும். கொழும்புக் காலநிலையில் இருந்தால் அதற்கு இந்தப் பாடு இல்லை, நான் என்ன செய்ய?

ஆகவே இப்போதைக்கு அதை எடுக்காதே. முற்றாக விடு. கண் நீலம் பாய்ந்தது சட்டை உரிக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி. அந்த நேரம் பார்வை மங்கும், தோல் கூசும், கிட்ட வருகிற எதுவும் எதிரியாகத் தெரியும். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 60, 70 வீதத்துக்குக் கொண்டுவா. கண் தெளிந்து சில நாளில் சட்டை கழலும். ஒரே துண்டாகக் கழன்றால் நல்லது. தானாகக் கழலட்டும், உதவுகிறேன் என்று நீ இழுத்துவிடாதே. அதன் பிறகு எலியை உறைநிலை நீக்கிச் சூடாக்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு வை. நின்று பார்த்துக்கொண்டிருக்காதே. ஒரு தடவை சாப்பிட்டதும் சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தூக்காதே, மகன். தொடர்ந்து இரண்டு மூன்று நேரம் ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் அந்த வீடு தன் வீடு என்று அதற்குப் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு எவ்வளவு அடிக்கடி என்று கேட்பாய். சாப்பிட்டால் 48 மணித்தியாலம் தொடக்கூடாது. வயிற்றில் புடைப்புத் தெரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் விழுங்கியதைக் கக்கிவிடும். அப்படிக் கக்குவது மனிதர் வாந்தி எடுப்பதுபோல் இல்லை, வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கி, தேற இரண்டு கிழமை போய்விடும். குட்டி என்பதால் ஏழு நாளுக்கு ஒரு தடவை உணவு வைக்கிறாய். அந்த நாளையும் பின்னால் இரண்டு நாளையும் கழித்தால் மிச்சம் நான்கு. அந்த நான்கில் இரண்டு நாள் எடு. முதலில் பத்து நிமிடம் போதும். ஆறு மாதம் போய் அது உன் கையில் நாக்கை நீட்டி நீட்டி மணந்துகொண்டு ஆறுதலாக ஊர்ந்தால், கிழமைக்கு மூன்று தடவையும் இருபது நிமிடமுமாக்கலாம். அதற்கு மேல் ஏன் என்று என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஒரேயடியாகத் தொடாமலும் விட்டுவிடாதே. மனிதக் கையே படாத பாம்பு, தூக்க வேண்டிய அன்று பயந்து கொத்தும். கையில் எடுத்தால்தான் செதிலுக்கு நடுவில் உண்ணி இருக்கிறதா, வாலில் பழைய சட்டை ஒட்டியிருக்கிறதா, வாயோரம் நுரை வருகிறதா, மூச்சில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க முடியும். எங்கள் வார்டில் செய்ததுபோலவே செய்: தண்ணீர் மாற்றுவது, பெட்டி துடைப்பது, எடை பார்ப்பது எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளிலேயே சேர்த்து முடித்துவிடு. மற்ற நாளில் தண்ணீருக்கு மட்டும் கை போகட்டும்.

எடுக்கும்போது மேலிருந்து கையை இறக்காதே. மேலிருந்து வருவது பருந்து. பக்கவாட்டாகப் போய், நடு உடலைக் கீழிருந்து இரண்டு கையாலும் ஏந்து. மேல் உதட்டோரம் இருக்கிற சின்னச் சின்னக் குழிகளால் அது சூட்டை உணரும். எலி மணக்கிற சூடான கை என்றால் அதற்கு எலிதான். அதனால் முதலில் கை கழுவு, பிறகும் சவர்க்காரம் போட்டுக் கழுவு. கீழ் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் ஐந்து வயதாகவில்லை, அந்தப் பிள்ளையின் கையில் முத்துவைக் கொடுக்கவே கூடாது. சல்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான பாம்பின் உடலிலும் இருக்கும். வயிற்றோட்டத்தில் வாடிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் நீ ஏழு வயதில் நின்றது எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. அம்மம்மாவும் கூட வந்திருந்தார். மலைப்பாம்பை அவர் வெங்கிணாந்தி என்றுதான் சொல்வார். எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடியில் படபடவென்று தட்ட, நீ மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "அது நித்திரை அம்மா" என்றாய். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் பிடித்தது. கூட்டாளிகள் போன பிறகு நீ சொன்னாய், "வேலை முடிந்து வந்தால் தொடுவதற்கு எனக்கு இந்த ஓர் உயிர்தான் இருக்கிறது அம்மா" என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் நித்திரையைக் கெடுத்துவிட்டது. பனிக்காலம், ஐந்து மணிக்கே இருட்டு, தனி அறை. உன் கை ஓர் உயிரைத் தேடுவதில் பிழையே இல்லை, ராசா. ஆனால் அந்தத் தேவையை முந்நூறு கிராம் பாம்புக் குட்டியின் மேல் வைத்தால் அது தாங்காது. தொடுகையால் சுகம் காணும்படி அது படைக்கப்படவில்லை. உன்னைப் பொறுத்துக்கொள்ளப் பழகும், அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் (Markham) நகரில் சித்தப்பா வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அதைக் கட்டிப்பிடி. நாய் அதற்கென்றே பிறந்தது. சித்தி சமைத்ததைச் சாப்பிடு. நான் அவரோடு கதைத்துவிட்டேன், கோபிக்காதே. இரவில் முத்துவின் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் புத்தகம் வாசி. உன் மணமும் நடையின் அதிர்வும் அதற்குப் பழகும், கையே வைக்காமல். அந்த நேரம் எனக்கு அழை. உனக்கு இரவு 8 மணி என்றால் எனக்கு விடிந்து 6.30, தேத்தண்ணீரோடு இருப்பேன். முன்பெல்லாம் நான் ஒரு நாளைக்கு நாலு தரம் அழைத்து நீ அலுத்துப்போனாய். இப்போது நான் அழைக்க மாட்டேன். நீ அழை.

இன்னொன்றும் வாசித்தேன். இந்த இனத்துத் தாய்ப்பாம்பு ஏழெட்டு முட்டை இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் சாப்பிடாமல் கிடக்குமாம். நம் நாட்டு மலைப்பாம்பு உடலைத் துடிக்க வைத்து முட்டைக்குச் சூடும் கொடுக்கும். குஞ்சு வெளியே வந்ததும் அது அதன் வழி, தாய் தன் வழி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் யன்னலைத் திறந்தார்.

அடுத்த கிழமை அங்கே வருகிற ஒருவரிடம் மிளகாய்த்தூளும் ஒடியலும் கொடுத்து விடுகிறேன். குசினித் தராசு ஒன்று வாங்கு, முத்துவுக்கென்று தனியாக. சட்டை உரித்து முடிந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும், எடை பார்க்க மட்டும் தூக்கி, எடையைக் கிராமில் எழுதி எனக்கு அனுப்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் தாமதிக்காமல் ஊர்வன பார்க்கிற வைத்தியரிடம் கொண்டுபோ. உன் எடையையும் எழுது. வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

அன்புடன்,
அம்மா