அந்த ஒரு தாளைத் திரும்பக் கொடுங்கள்: வாணவேடிக்கைப் போட்டி அமைப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் போட்டியில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் என்ன மலர்ந்தது என்பது வரைக்கும், நீண்ட காலமாக எழுதிவருகிறேன். இது உங்களுக்குத் தெரியும். பழைய ஆண்டு விவரம் வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்தே என்னைக் கேட்டதுண்டு. இந்த ஆண்டுப் போட்டி முதல் அந்த விரிவான எழுத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இனி ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பத்தி எழுதுவேன். எந்த அணி, எப்படி இருந்தது, வானிலை என்ன, அவ்வளவுதான்.

இந்த முடிவை அறிந்து என் வாசகர்கள் பலர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன காரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். இசையையும் அணியையும் சொல்லும் நிகழ்ச்சிக் குறிப்புத் தாளும் இல்லாமல், நடுவர்களின் மதிப்பெண்ணும் இல்லாமல், இருட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து விரிவாக எழுதினால், அதில் பாதி ஊகமாகத்தான் இருக்கும். ஊகத்தை வரலாறு என்று எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு இறுதி நாளில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நாடுகளின் பெயர், மூன்று கோப்பை, கைதட்டல், முடிந்தது. நிறத்துக்கு எவ்வளவு, இசையோடு பொருந்தியதற்கு எவ்வளவு, வடிவமைப்புக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. காற்றே வீசாத ஓர் இரவில், தான் எழுப்பிய புகைக்குள்ளேயே தன் வேலைப்பாட்டில் பாதியைப் பறிகொடுத்த அணி ஒன்று இருந்ததே, அந்தப் புகையை நடுவர்கள் எப்படிக் கணக்கில் எடுத்தார்கள்? எந்த இரவு தனக்கு வாய்க்கும் என்பதை அணி தேர்ந்தெடுப்பதில்லை. அதனால்தான் கேட்டு எழுதினேன். மதிப்பெண்கள் உள் விவகாரம் என்று பதில் வந்தது. சரி, நிகழ்ச்சிக் குறிப்பையாவது கொடுங்கள் என்றேன். அது அணியின் சொத்து என்றீர்கள். அணியைக் கேட்டால், அமைப்பாளர் சொல்லாமல் தர முடியாது என்கிறார்கள். நீங்கள் அவர்களைக் கைகாட்டுகிறீர்கள், அவர்கள் உங்களைக் கைகாட்டுகிறார்கள். தாள் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வோர் அணியின் இசைப் பட்டியலையும், பகுதிகளின் பெயர்களையும், வடிவமைத்தவரின் பெயரையும், போட்டி முடிந்ததும் நடுவர்களின் மதிப்பெண்களையும் பொதுவில் வெளியிடுங்கள்.

இது புதிய கோரிக்கைகூட இல்லை. முன்பெல்லாம் நுழைவாயிலில் ஒரு தாள் கொடுப்பீர்கள். ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் இசை, இன்னொரு பக்கம் அணியைப் பற்றிய குறிப்பு. அதை நிறுத்தியபோது ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இப்போது கையில் தரும் அட்டையில் விளம்பரதாரர்களின் சின்னங்கள்தான் இருக்கின்றன.

அந்தத் தாள் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியை எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அரை மணி நேரம் ஓடும் நிகழ்ச்சியில் குனிந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க முடியாது. பார்த்த நொடியில் மேலே ஏதோ ஒன்று போய்விடும். அதனால் ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல், முணுமுணுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். 'இடது ஓரத்தில் மைன், பச்சை, வலப்பக்கம் ஓடுகிறது, மேலே கமுரோ, அதற்குள் சிவப்புக் கரு' என்று. (தரையிலிருந்தே சீறும் வெடிதான் மைன், பொன்னிற வால்கள் வழிய இறங்குவது கமுரோ.) வீட்டுக்கு வந்து கேட்டால் என் குரல் பாதி, வெடிச்சத்தம் பாதி. அதற்குப் பிறகுதான் இசை. ஒரு நிகழ்ச்சிக்குள் பத்துக்கும் மேற்பட்ட இசைத் துண்டுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். சிலது எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது ஏதோ ஒரு படத்தின் பின்னணி இசையில் நடுவிலிருந்து நாற்பது விநாடி, அதுவும் வேறொரு வாத்தியக் குழு திரும்ப வாசித்தது. பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் செயலிகள் எல்லாம் வெடிச்சத்தத்துக்கு நடுவே கைவிரித்துவிடும். ஒரு துண்டைக் கண்டுபிடிக்க இரவு இரவாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் கிடைக்காமலே போனதும் உண்டு. இவ்வளவும் எதற்கு? உங்கள் மேசையில் ஏற்கெனவே அச்சிட்டுக் கிடக்கும் ஒரு பட்டியலை நான் இருட்டிலிருந்து திரும்ப உருவாக்குவதற்கு.

இசை தெரியாமல் நிகழ்ச்சியை எடைபோட முடியாது என்பதை நீங்களே அறிவீர்கள். ஷெல் எனும் வெடியுருண்டை ஒன்று ஏவுகுழாயை விட்டு எழும்பி, உச்சிக்குப் போய் மலரச் சில விநாடிகள் ஆகும். இசையில் தாளம் விழும் கணத்தில் அது மலர வேண்டுமென்றால், அதற்கு முன்பே கணினி அதை ஏவியிருக்க வேண்டும். சின்ன ஷெல்லுக்கு ஒரு கணக்கு, பெரிய ஷெல்லுக்கு இன்னொரு கணக்கு, தரையிலிருந்தே சீறும் மைனுக்கு வேறொரு கணக்கு. மூன்றும் ஒரே தாளத்தில் சேர்ந்து விழுந்தால் பார்ப்பவர் உடம்பே ஒரு கணம் நின்றுபோகும். அதைச் செய்தவர் எந்த இசையின் எந்த வரிக்காகச் செய்தார் என்று தெரிந்தால்தானே அதைப் பற்றி நேர்மையாக ஏதாவது சொல்ல முடியும்?

'வீடியோ இருக்கிறதே, அதைப் பார்த்து எழுதலாமே' என்று உங்களில் ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டே இதற்குப் பதில் எழுதுகிறேன். வலையேற்றிய வீடியோக்களில் பலவற்றில் இசை உரிமைச் சிக்கலால் ஒலியே இருக்காது. ஒலி இருந்தாலும், படம் பிடித்தவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தால் வெடிச்சத்தம் ஏறத்தாழ மூன்று விநாடி பிந்தி விழும். நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம் என்று மற்ற நிறங்கள் ஓரளவு வசப்பட்டுவிடும். நீலம் அப்படி வராது. அதைத் தரும் தாமிரச் சேர்மம் சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் சிதைந்துவிடும், நிறம் வெளிறிவிடும். சூடு குறைந்தால் ஒளியே மங்கிவிடும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நல்ல ஆழமான நீலத்தை ஒருவர் கொண்டுவந்தால் அது அவருடைய பல ஆண்டு உழைப்பு. கேமரா அதை ஊதாவாகக் காட்டும், இல்லை வெள்ளையாக ஊதிக் காட்டும். கரித்தூள் பொன்னிறமாக வழிந்து, தரையைத் தொடப்போகும் வரை அணையாமல் இறங்கும் கமுரோவின் வால்கள், வீடியோவில் பாதி வழியிலேயே காணாமல் போகும். வால் விட்டு விரியும் கிரிஸாந்திமம் என்ற வெடி வகைக்கும் வால் இல்லாத பியோனி வகைக்கும் வேறுபாடு தெரியாத வீடியோக்கள்கூட நிறைய இருக்கின்றன. வாணவேடிக்கையில் எரிந்தது எரிந்ததுதான். எழுத்து ஒன்றுதான் மிஞ்சும், அந்த எழுத்துக்கு உங்கள் தாள் வேண்டும்.

உலகில் வேறு யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. ஜப்பானின் ஓமகாரியில் 1910 முதல் போட்டி நடக்கிறது. 1964இல் அங்கே படைப்பு வாணவேடிக்கை என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு தலைப்பு உண்டு, அது யாருடைய வேலை என்ற பெயரும் உண்டு. தலைப்பு தெரிந்து பார்க்கும்போது, அவர் சொல்ல வந்தது வானத்தில் வந்ததா இல்லையா என்று பார்ப்பவரே எடைபோடலாம். ஜெர்மனியின் ஹானோவரில், ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் நடக்கும் போட்டியில் எல்லா அணிகளுக்கும் பொதுவாக ஒரு கட்டாய இசைப் பகுதி வைக்கிறார்கள். ஒரே இசைக்கு ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. 1985இல் தொடங்கிய மொன்ட்ரியால் போட்டியில் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களே நடுவர்களாக உட்காருகிறார்கள். பார்ப்பவரை மதித்தால் செய்வதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன. நான் கேட்பது இவற்றில் மிகச் சிறியது.

அணிகளை நாட்டின் பெயரால் மட்டுமே அழைக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலி வந்தது, ஜப்பான் வந்தது என்கிறீர்கள். நாடு எங்கே வந்தது? ஒரு நிறுவனம் வந்தது, அதில் சில பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவர் மாதக் கணக்காகக் கணினி முன் உட்கார்ந்து நொடிக்கு நொடி வரைந்தார். மற்றவர்கள் வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்கக் குழாய்களை அடுக்கி, ஒவ்வொரு ஷெல்லாக இறக்கி, ஒவ்வொரு கம்பியாக இணைத்தார்கள். இறுதி வெடி அடங்கிய பிறகு மேடையில் விளம்பரதாரரின் பெயர் ஒலிக்கிறது. வடிவமைத்தவரின் பெயர் ஒலிப்பதில்லை. கைதட்டியவர்கள் யாருக்குக் கைதட்டினோம் என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

இன்னும் எத்தனையோ இருக்கிறது. கடைசிப் பகுதி நடக்கும்போதே அறிவிப்பாளர் பேசத் தொடங்கிவிடுகிறார். கமுரோ அணைவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுகிறீர்கள். தரைமட்ட வேலைப்பாடுகள் தெரியும் நல்ல இடங்களை எல்லாம் விருந்தினர் கூடாரங்கள் பிடித்துக்கொண்டன, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டிரோன் காட்சி ஒன்றைப் போட்டிக்கு முன்னால் சேர்த்து, அதற்காக நிகழ்ச்சியைத் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தில் காற்று நின்றுபோய், புகையில் ஓர் அணி மாட்டிக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் கேட்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. நான் வந்தது ஒரு தாளுக்காக, அதற்கே திரும்புகிறேன்.

ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. எந்த ரசாயனம் எவ்வளவு என்ற கலவைக் கணக்கு வேண்டாம். ஏவும் கணினிக் கோப்பு வேண்டாம். அவை அணியின் சொத்துதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் காதால் கேட்ட பாட்டின் பெயர் எப்படி ரகசியமாகும்? கோப்பையைத் தீர்மானித்த எண்கள் எப்படி உள் விவகாரமாகும்? தோற்ற அணிக்குத் தான் எதில் தோற்றோம் என்று தெரிய வேண்டாமா? அடுத்த முறை நீலத்தைச் சரிசெய்வதா, இசையைச் சரிசெய்வதா என்று அவர்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்? எல்லாத் தாள்களையும் நிகழ்ச்சிக்கு முன்பே கொடுத்தால் வியப்பு போய்விடும் என்று நினைத்தால், மறுநாள் காலை கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் போட்டி முழுவதும் முடிந்த பிறகு எல்லா அணிகளுடையதையும் சேர்த்துக் கொடுங்கள். காத்திருக்கிறேன்.

உங்கள் போட்டியைக் குறைசொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. இத்தனை அணிகளை, இத்தனை தூரத்திலிருந்து, இத்தனை பாதுகாப்பு விதிகளுக்குள் அழைத்துவந்து நடத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். உங்கள் களத்தில் பார்த்த சில நிமிடங்களை வேறு எங்கும் பார்த்ததில்லை. அவற்றை வரும் தலைமுறைக்குச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு கடுமையாகக் கேட்கிறேன். கடுமை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

இசைப் பட்டியல், பகுதிகளின் பெயர், வடிவமைத்தவரின் பெயர், மதிப்பெண்கள். இந்த நான்கையும் இந்த ஆண்டு முதல் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் நிகழ்ச்சிக்கு முன்பே உங்கள் முடிவைத் தெரிவித்தால், ஒரு பத்தி என்பதை மாற்றி, பழையபடி முழுமையாக எழுதத் தயாராக இருப்பேன். சென்ற ஆண்டுக்கான தாள்கள் உங்களிடம் இன்னும் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். எழுதாமல் விட்ட நிகழ்ச்சிகளை அதை வைத்து எழுதி முடித்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் போட்டிகளைத் தொடர்ந்து எழுதிவரும் ஒரு பார்வையாளன்