மணலில் கிடைத்த மோதிரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பது என் பொழுதுபோக்கு. நீர் வற்றிய காலைகளில்தான் போவேன். 'பீப்' கேட்டுத் தோண்டினால் பெரும்பாலும் குளிர்பான டின்னின் வளையம்தான். அதுவும் தங்க மோதிரமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரல்.

போன மாதம் ஒரு சாண் ஆழத்தில் நிஜமாகவே மோதிரம் வந்தது. வெள்ளியாக இருந்தால் உப்புத் தண்ணீரில் கறுத்திருக்கும். இது மஞ்சளாகவே மின்னியது. காந்தம் ஒட்டவில்லை. பித்தளையும்தான் ஒட்டாது, அதனால் அதை நம்பவில்லை. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து உட்புறம் பார்த்தேன்: 916. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்றிருந்தால் 18 காரட். 925 என்றால் வெள்ளி. முத்திரைக்குப் பக்கத்தில் தமிழில் 'செ' என்று ஓர் எழுத்து, பாதி தேய்ந்து கிடந்தது. வருஷக்கணக்கில் யாரோ கழற்றாமல் போட்டிருந்த மோதிரம்.

போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். "நீங்களே வச்சிக்க வேண்டியதுதானே அண்ணே" என்று காப்பிக்கடை நண்பர்கள் சிரிக்கிறார்கள். கண்டெடுத்ததை அமுக்கிக்கொள்வது இங்கே குற்றம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நகை தொலைத்தவர்கள் ரசீதோ, அதை அணிந்து எடுத்த படமோ இருந்தால் அதோடு புகார் கொடுங்கள். அப்புறம், டின் வளையங்களை மணலில் போடாதீர்கள். என் முதுகு பாவம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர், பிடோக், சிங்கப்பூர்