வினைச்சொல்தான் தாமதமா, முற்றுப்புள்ளியா?

அன்புள்ள வாசுகி,

கடிதமும் வாக்கியப் பட்டியலும் வந்து சேர்ந்தன. ஒருவழியாக ஆய்வுக்கூடத்தில் நேரம் ஒதுக்கிவிட்டார்கள் என்பதில் ரொம்பச் சந்தோஷம். வீட்டில் எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். இங்கேயும் அப்படித்தான்.

வாசிக்கும்போது பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில் கண் அதிக நேரம் நிற்கிறது, அதனால் மூளை இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்துக் கையாள்கிறது என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். உன் பட்டியலில் எல்லா வாக்கியத்திலும் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. கடைசிச் சொல் எதுவானாலும் அங்கே கண் கூடுதலாகத் தங்கும்; அதுவரை படித்ததை இழுத்துக் கட்டி முடிச்சுப் போடும் வேலை அங்கே நடக்கிறது. வாசிப்பில் கண்ணசைவை ஆராய்ந்த ஜஸ்டும் கார்ப்பென்டரும் 1980-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். நீ அளந்தது வினையை அல்ல, முற்றுப்புள்ளியை.

தமிழில் இதற்கு வழி இருக்கிறது. வினையைப் பெயரெச்சமாக்கி நடுவில் கொண்டுவா. ‘காலையில் விழுந்த கல்லை அவர்கள் எடுத்துப் போட்டார்கள்’ என்று ஒன்று, ‘காலையில் சுவரின் கல்லை அவர்கள் எடுத்துப் போட்டார்கள்’ என்று இன்னொன்று. விழுந்த, சுவரின் இரண்டும் நான்கு எழுத்து. இரண்டிலும் பின்னொட்டு உண்டு. முன்னும் பின்னும் அதே சொற்கள். அடுத்து வரும் ‘கல்லை’ என்ற சொல்லின் நேரத்தையும் விடாமல் எடு. ஒரு சொல்லில் பட்ட சிரமம் பல சமயம் அடுத்த சொல்லில்தான் வெளியே தெரியும். வினையெச்சத்தைப் பயன்படுத்தாதே. ‘விழுந்து’, ‘விழுந்தால்’ என்றால் அங்கேயே ஒரு துணைவாக்கியம் முடிகிறது. சின்ன அளவில் பழைய கோளாறே திரும்ப வரும்.

எழுத்து எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதே. ‘கொ’ ஓர் எழுத்து, ஆனால் திரையில் மூன்று உருவங்களின் இடத்தைப் பிடிக்கும். ‘ண’ அகலம், ‘ர’ ஒடுக்கம். ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் பிக்சலில் அளந்து இரு பட்டியலையும் ஈடுகட்டு. பிறகு புழக்கம், அதாவது ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது. ஒரு சொல்லில் கண் சராசரியாக 200 முதல் 250 மில்லிசெகண்ட் நிற்கிறது. அரிதான சொல் என்றால் அதோடு சில பத்து மில்லிசெகண்ட் கூடும். நீ தேடும் வித்தியாசமும் அதே அளவுதான் இருக்கும் என்பதால் ஒன்று மற்றதை எளிதில் விழுங்கிவிடும். பெரிய உரைத் தொகுப்பிலிருந்து எடுக்கும் சொல் எண்ணிக்கையை அப்படியே போடாமல் மடக்கையாக மாற்றிக்கொள்.

இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். 1992-இல் ஹெலன் நெவில் குழு, the, of போன்ற ஆங்கில இடைச்சொற்களுக்கு மட்டும், சொல்லைக் காட்டி 280 மில்லிசெகண்ட் வாக்கில் தலையின் இடது முன்பக்கத்தில் மூளையின் மின் அலை ஒன்று தனியாக வருவதாகச் சொன்னது. 1998-இல் கிங்கும் கூட்டாஸும் பார்த்தபோது, அந்த அலை எல்லாச் சொல்லுக்கும் வந்தது. புழக்கமும் நீளமும் மாற மாற அது முன்னே பின்னே நகர்ந்தது, அவ்வளவுதான். குட்டைச் சொல், அடிக்கடி வரும் சொல், ஆகவே சீக்கிரம் வந்த அலை. ஆங்கிலத்தில் உள்ளடக்கச் சொற்களில் 85 சதவீதத்திலும் இடைச்சொற்களில் 35 சதவீதத்திலும்தான் கண் நிற்கிறது என்ற கணக்கையும் உன் கட்டுரையில் தூக்கி வைக்காதே. நம் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. தாண்டிப் போக அங்கே தனிச் சொல்லே கிடையாது.

அப்படியானால் மூளைக்குப் பெயர், வினை என்ற வகை ஒன்றுமே இல்லையா என்பாய். இருக்கிறது, மூளைக்காயம் பட்டவர்களிடம் பளிச்சென்று தெரிகிறது. கராமாசாவும் ஹில்லிஸும் 1991-இல் இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வினைச்சொல் வாயில் வரவில்லை, எழுத வந்தது. மற்றவருக்கு எழுத வரவில்லை, பேச வந்தது. பெயராகவும் வினையாகவும் வரும் ஒரே வடிவச் சொற்களிலும் அதே கதை. நம் ‘படி’ மாதிரி என்று வைத்துக்கொள். நீளமோ புழக்கமோ இதை விளக்காது. உன் பட்டியலில் மட்டும் படி, ஆறு, மாலை எல்லாம் வேண்டாம். சூழல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இரண்டு பொருளும் ஒரு கணம் விழித்துக்கொள்ளும் என்பதை ஸ்வின்னி 1979-இல் காட்டினார்.

‘உதை’ என்று படித்தால் கால் அசைக்கும் பகுதி ஒளிர்கிறதே என்று எழுதியிருந்தாய். 2004-இல் வந்த ஹாக் குழுவின் முடிவு அது. நல்ல வேலைதான், ஆனால் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐயில் அந்த ஓட்டம் உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடி ஆகும். அந்த ஒளி பொருள் புரிவதற்காக வந்ததா, புரிந்த பிறகு மனத்தில் ஓடிய காட்சியா என்று அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜி எடுப்பதாக இருந்தால் வகைக்கு 40 வாக்கியமாவது வை. கண் சிமிட்டல் பட்டவற்றைக் கழித்தால் 30 மிஞ்சும். ‘பூட்டைத் திறக்கப் பையிலிருந்து மேகத்தை எடுத்தான்’ என்றால் 400 மில்லிசெகண்ட் வாக்கில் எதிர்மின் அலை பெருகும். ‘அவள் வந்தான்’ போன்ற பிசகு பெரும்பாலும் 600 பக்கம் நேர்மின் அலையாக வரும். முதல் அலை பிழைக்கு மட்டும் உரியதல்ல. எதிர்பாராத எந்தச் சொல்லுக்கும் பெருகும், எதிர்பார்த்ததற்குச் சுருங்கும். அதனால் வாக்கியங்களின் முதல் பாதியை மட்டும் வேறு 20 பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, உன் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள் என்று குறித்துக்கொள். சோதனையில் ஒரே ஆளுக்கு ‘விழுந்த கல்லை’, ‘சுவரின் கல்லை’ இரண்டையும் காட்டாதே. இரண்டு பட்டியலாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடு.

திருத்தியதும் பிக்சல் அகலக் கணக்கோடு அனுப்பு. புழக்க எண்ணிக்கையை நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா