ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, ஆள் கிடைக்காமல் பிள்ளையோடே வந்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டம் இரண்டு முறை நடக்கவில்லை. கூட்டத்தை நடத்த வேண்டியவர் வீட்டில் முந்தைய இரவு யாரும் கண் மூடவில்லை என்பதே இரண்டு முறையும் காரணம். அதில் ஒன்று என் வீடு.

சங்கம் தொடங்கிய நாள் முதல் நாம் பிள்ளைகளைப் பற்றியே பேசி வந்தோம். எந்தப் பேச்சுப் பயிற்சியாளர் பொறுமையானவர், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், கழிவறைப் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது என்று மணிக்கணக்கில் பேசினோம். இதையெல்லாம் கேட்கிற தாய் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. இந்த ஆண்டு விசாரித்தோம்.

முதல் முயற்சி தவறாகப் போனது. அதற்கு நானே பொறுப்பு. மன அழுத்தத்தைப் பற்றி உரையாற்ற ஒரு பேச்சாளரை அழைத்திருந்தேன். "நீங்கள் அமைதியாக இருந்தால் குழந்தையும் அமைதியாக இருக்கும்" என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "அப்படியென்றால் அவன் சுவரில் தலையை மோதிக்கொள்வது என்னால்தானா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் வரலாறு வாசித்தேன். 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, பெற்றோரில் பாசமுள்ளவர்கள் குறைவு என்ற குறிப்பும் இடம்பெற்றுவிட்டது. பின்னாளில் அது 'குளிர்பெட்டித் தாய்' என்ற பட்டமாகவே வளர்ந்தது. குழந்தை உளவியல் எழுத்தாளர் புரூனோ பெட்டல்ஹைம் அதை உலகறியப் பரப்பினார். தாயின் பாசக்குறைவுதான் நோய்க்குக் காரணம் என்று மருத்துவர்களே தாயிடம் சொன்ன காலம் அது. அந்தக் கருத்தை 1964-இல் தம் நூலில் எதிர்த்து வாதாடிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. அதற்கு முன்பே, 1962-இல், பிரிட்டனில் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். நம் தலையில் ஏற்றிய பழியை நம்மைப் போன்றவர்களே இறக்கி வைத்திருக்கிறார்கள். நான் வாசித்து முடித்ததும் அந்தத் தாய் எதுவும் சொல்லவில்லை. மறுமாதமும் வந்தார்.

அன்று முதல் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறோம்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? விடையைச் சொல்லும்போதே மற்றவையும் வந்துவிடுகின்றன. கூட்டத்தில் எப்போதும் கதவைப் பார்த்தபடியே உட்காரும் தந்தை ஒருவர் இருக்கிறார். மகன் இரவில் எழுந்து வெளியே ஓடிவிடுவான் என்பதால் வாசல் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்தே பல ஆண்டுகளாகத் தூங்குகிறவர். இன்னொரு தாய் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் வருவார். நான்காவது கூட்டத்தில் அவராகவே கையைச் சுருட்டினார். முழங்கைவரை மகளின் பல் பதிந்த தழும்புகள். "கடித்த பிறகு அவளே தடவிக் கொடுப்பாள்" என்றார். அவர் அழவில்லை, கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் அழுதோம்.

பேசப் பேச ஒன்று தெளிவானது. பிள்ளையின் மீது இவர்களில் யாருக்கும் குறையில்லை. தூங்காத இரவும், பள்ளியிலிருந்து எப்போது அழைப்பு வருமோ என்ற பதைப்பும், பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிற முகங்களும், ஒரே சான்றிதழுக்காக ஆண்டுதோறும் நிற்கும் வரிசையும்தான் ஆளைத் தேய்க்கின்றன.

தேய்மானம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், எலிசா எபெல் குழுவினர் 2004-இல் 58 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீண்டகால நோயுள்ள குழந்தையைப் பராமரிக்கும் தாய்மார். உயிரணுக்களில் மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோமின் முனைகளில் இருக்கும் டெலோமியர் என்ற பகுதி வயது ஏற ஏறக் குறுகும். மிகுந்த அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன பெண்களுக்கு அது, அழுத்தம் குறைந்தவர்களைவிடக் குறைந்தது பத்து ஆண்டு கூடுதலாக மூத்ததற்கு ஈடாகக் குறுகியிருந்தது. "எல்லாம் மனப்பிரமை, தைரியமாக இரு" என்று சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டின் முக்கியமான பணி, 'மாற்றுக் கை' என்று நாம் பெயரிட்ட ஏற்பாடு. இரண்டு குடும்பங்கள் இணைந்து, வாரம் இரண்டு மணி நேரம் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வது. ஒப்படைக்கும்போது ஒரு தாளும் கைமாறும்: எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் தம்ளரில் மட்டும் தண்ணீர் குடிப்பான், கொந்தளிப்பதற்கு முன் காதைப் பொத்துவானா, விரலைக் கடிப்பானா. முதல் வாரம் விடுதலை கிடைத்த ஒரு தாய் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். குற்ற உணர்ச்சியோடு அதை என்னிடம் சொன்னார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே என்றேன்.

சேர்ந்தவர்கள் இன்னும் குறைவு. வலிப்பு வரும் பிள்ளைகளை மற்றவர் பொறுப்பில் விடப் பெற்றோர் அஞ்சுவது நியாயம். அவர்களுக்காக முதலுதவிப் பயிற்சி தேவை.

அடுத்த ஆண்டு, பயிற்சி பெற்ற தாய்மாரே நடத்தும் சிறு குழுக்களைத் தொடங்கச் செயற்குழு விரும்புகிறது. அமெரிக்காவில் 243 தாய்மாரோடு நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், பயிற்சி பெற்ற சக தாய்மாரே வகுப்புகளை நடத்தினார்கள். பங்கேற்றவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. மனநல நிபுணர் கிடைக்கவில்லை என்று நாம் கைகட்டி உட்கார வேண்டியதில்லை.

தந்தையருக்கெனத் தனியாக நடத்திய கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருவர், இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரில் நூற்றுக்கு எண்பது பேர் பிரிந்துவிடுகிறார்களாமே என்று கேட்டார். பரவலாக உலவும் அந்தக் கணக்குக்கு ஆதாரமில்லை. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 64 விழுக்காட்டினர் தாய் தந்தை இருவரோடும் வாழ்ந்தார்கள், மற்றக் குழந்தைகளில் 65 விழுக்காடு. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று நம்மில் கேட்காதவர் இல்லை. ஆனால் "நானும் அவனும் சேர்ந்தே போய்விடலாம்" என்று ஒருவர் சொன்னால், அதை அலுப்பில் வந்த பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக ஒருவர் கூடச் செல்ல வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இந்த ஆண்டு ஒருமுறை அப்படிச் செல்ல வேண்டி வந்தது. அவர் இன்று இந்த அவையில் இருக்கிறார்.

சகோதர சகோதரிகளுக்கென்று நாம் எதுவும் செய்யவில்லை. அது குறைதான்.

மாற்றுக் கை ஏற்பாட்டில் சேர விரும்புவோருக்கான பதிவேடு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில், எந்தக் கிழமை, எந்த நேரம் உங்களுக்கு மிகவும் கடினமோ அதையும் எழுதுங்கள்.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்