ஈராக் போர் விவாதம் தொடர்பாகப் பெற்றோருக்குப் பாடசாலை அதிபர் எழுதும் கடிதம்

மதிப்புக்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

கடந்த வெள்ளிக்கிழமை உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்கள் எமது மண்டபத்தில் நடத்திய விவாதம் குறித்து உங்களில் ஏழு பேர் நேரிலும் தொலைபேசியிலும் என்னோடு பேசினீர்கள். "2003இல் ஈராக் மீது தொடுக்கப்பட்ட போர் நியாயமானதே" என்பது அன்றைய தலைப்பு. எங்கேயோ நடந்து முடிந்த போருக்கு மட்டக்களப்பில் எதற்கு வாதம் என்று சிலர் கேட்டீர்கள். போரால் இவ்வளவு இழந்த ஊரில் ஒரு பிள்ளையைப் போருக்குச் சார்பாகப் பேசவிட்டது தகுமா என்று வேறு சிலர் கேட்டீர்கள். தலைப்பை உங்களுக்கு முன்கூட்டி அறிவிக்காதது என் தவறு. அதை ஒப்புக்கொண்டே மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சார்பாகப் பேசிய மாணவி அந்தப் பக்கத்தைத் தானாக விரும்பி எடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கியே அணிகள் பிரிக்கப்பட்டன. தனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்காக அவர் இரண்டு வாரம் படித்தார். 1988இல் ஹலப்ஜாவில் குர்திய மக்கள் மீது சதாம் ஹுசைனின் அரசு நச்சுவாயுக் குண்டு வீசியதையும், ஐ.நா. ஆயுதப் பரிசோதகர்களை அந்த அரசு ஆண்டுக்கணக்காக அலைக்கழித்ததையும், 2002 நவம்பர் 8ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பு நாடுகளும், சிரியா உட்பட, ஒருமனதாக நிறைவேற்றிய 1441ஆம் இலக்கத் தீர்மானம் ஈராக்குக்கு "இறுதி வாய்ப்பு" என்றே எழுதியிருந்ததையும் அவர் எடுத்துவைத்தார். இவை யாவும் நடந்தவைதான். எதிரணியினரும் இவற்றை மறுக்கவில்லை. மறுக்க முனைந்திருந்தால் நடுவர்களிடம் புள்ளி இழந்திருப்பார்கள்.

எதிரணி பிடித்துக்கொண்டது வேறோர் இடத்தை. அமெரிக்காவோடு சேர்ந்து படையெடுத்த பிரித்தானியாவின் சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் பிரபு 2003 மார்ச் 7ஆம் திகதி பிரதமர் டொனி பிளேயருக்கு இரகசியமாக எழுதிய சட்ட ஆலோசனை 13 பக்கங்கள் கொண்டது. பாதுகாப்புச் சபையில் இன்னொரு தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்று அதில் அவர் சொல்லியிருந்தார். பத்து நாள் கழித்து, மார்ச் 17ஆம் திகதி, அவர் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதில் தயக்கம் எதுவும் இல்லை. அன்றே போரை எதிர்த்த அமைச்சர் ரொபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகினார். மறுநாள் 412க்கு 149 என்ற வாக்குகளால் போருக்கு ஒப்புதல் கிடைத்தது. நீண்ட ஆலோசனை வெளியே வந்தது 2005 ஏப்ரலில்தான். இரண்டையும் எமது மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமற்போன வாக்கியங்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். அந்தத் தாள்களைப் பார்த்தபோது, 28 ஆண்டு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது. வாக்களித்த உறுப்பினர்களுக்கு எது காட்டப்பட்டது, எது காட்டப்படவில்லை என்ற கேள்வியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களே கண்டெடுத்தார்கள்.

ஈராக்கிடம் இருப்பதாகச் சொல்லித் தேடிய பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. 2003 பெப்ரவரி 5ஆம் திகதி அப்போதைய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் பாதுகாப்புச் சபையில் விவரித்த நடமாடும் உயிரியல் ஆயுத ஆய்வுகூடங்களின் கதை, ஜேர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த ஓர் ஈராக்கியர் சொன்னது. தான் சொன்னது பொய் என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். 2016 ஜூலை 6ஆம் திகதி வெளியான, போரில் பிரித்தானியாவின் பங்கை ஆராய்ந்த சில்கொட் விசாரணை அறிக்கை, சமாதான வழிகள் முடிவடையும் முன்னரே பிரித்தானியா படையெடுப்பில் சேர்ந்தது என்று முடிவு சொன்னது.

போருக்குப் போனது சரியா என்பது ஒரு கேள்வி. போரில் நடந்துகொண்ட முறை சரியா என்பது வேறொரு கேள்வி. தகுந்த காரணத்தோடு போனவனும் கைதியை வதைத்தால் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை மீறியவனே. இந்த வேறுபாட்டை விளக்க வந்த இடத்தில்தான் அன்றைய பிசகு நடந்தது. ஈராக்கில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த அபு கிரைப் சிறையில் எடுக்கப்பட்டு 2004 ஏப்ரலில் வெளியான படங்களில் ஒன்றை ஒரு மாணவர் திரையில் போட்டுவிட்டார். பொறுப்பாசிரியரோ நானோ அதை முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகியிராது. ஆனால் தரம் 12 மாணவி ஒருவர் எழுந்து வெளியே போய், நீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அன்று மாலை அவருடைய தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். இனி மண்டபத்தில் எந்தப் போர்ப் படமும் காட்டப்படாது. அந்தச் சிறையில் நடந்ததை விசாரித்து அமெரிக்க ஜெனரல் தகுபா எழுதிய இராணுவ அறிக்கையின் சொற்களே போதுமானவை.

எங்கேயோ நடந்த போர் என்றீர்கள். கேள்வி நேரத்தில் எதிரணி மாணவர் ஒருவர் ஒரு பிளாஸ்ரிக் பையை மேசையில் வைத்து, "இந்தச் சண்டையில எங்கட பெத்தாவும் இருந்தவ, சேர்" என்று தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். பைக்குள் ஓரம் கிழிந்த ஒரு பழைய கடவுச்சீட்டும் நட்டஈட்டு விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தன. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே வீட்டுப் பணியில் இருந்து, யோர்தான் முகாம் வழியாக ஊர் திரும்பியவர் அந்தப் பெத்தா. குவைத் படையெடுப்பால் இழந்தவர்களுக்காக ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து அது வழங்கிய மொத்தம் 52.4 பில்லியன் டொலர். கடைசித் தவணை 2022இல்தான் கட்டி முடிந்தது. 1990இல் படையெடுத்த நாடு கட்டியது, 2003இல் படையெடுத்த நாடுகளிடம் கேட்க ஏன் ஓர் ஆணைக்குழு அமையவில்லை என்று அந்த மாணவர் கேட்டார். சார்பணி சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு அவர்களில் ஒருவர், பாதுகாப்புச் சபையில் தடுப்பதிகாரம் (வீற்றோ) உள்ள நாடு தனக்கு எதிராகத் தானே கையை உயர்த்துமா என்று திருப்பிக் கேட்டார். அது வாதத்துக்கு உதவாத பதில். ஆனாலும் உள்ளதைச் சொன்ன பதில்.

அப்படியானால் எங்கள் போரைப் பற்றி ஏன் விவாதம் வைக்கவில்லை என்று ஒரு தந்தை கேட்டார். அந்த மண்டபத்தில் அருகருகே இருக்கும் பிள்ளைகளின் வீடுகளில் வெவ்வேறு கைகளால் உயிரிழந்தவர்களின் படங்கள் தொங்குகின்றன. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து, முடிவில் புள்ளி போடும் விவாதத்துக்குள் அதைக் கொண்டுவர நான் இப்போதைக்குச் சம்மதிக்கமாட்டேன். இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர்களும் உள்ளனர்.

அடுத்த அமர்வு எதிர்வரும் வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு நடைபெறும். அது விவாதமல்ல. 1990இல் குவைத்திலிருந்து திரும்பியவர்கள் தங்கள் வாயால் சொல்வதை மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, பேசவும் விரும்பினால், வகுப்பாசிரியரிடம் செவ்வாய்க்கிழமைக்குள் அறியத்தாருங்கள். மாணவர்கள் படித்த ஆவணங்களின் தமிழ்ச் சுருக்கங்கள் நூலகத்தில் உள்ளன; பாடசாலை நேரத்தில் எப்போதும் வந்து பார்க்கலாம். பிள்ளையை அனுப்ப விருப்பமில்லாதவர்கள் இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் அதைக் குறித்து ஒப்பமிட்டு அனுப்பினால் போதும், காரணம் கேட்கமாட்டோம். குருமண்வெளியில் படகுப்பாதையேறி மண்டூர்ப் பக்கம் போகவேண்டிய பிள்ளைகள் 4 மணிக்கு விடப்படுவர்.

இவ்வண்ணம்,
அதிபர்